கிராம சபை போன ஊருக்குப் பகுதி சபை: வேலூர் மாநகராட்சியில் கேட்டு வாங்க வேண்டிய உரிமை

ஒரு கிராம ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் வரி கூடும், நூறு நாள் வேலை நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். டீக்கடை முதல் ஊர்க் கூட்டம் வரை அதைப் பற்றித்தான் பேச்சு. கிராம சபையும் அன்றோடு முடிந்துவிடுகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று ஊராட்சித் தலைவரிடம் கணக்குக் கேட்கலாம். மாநகராட்சிக்குள் வந்த ஊருக்கு அந்த ஆறு நாளும் கிடையாது.

வேலூரில் இது 2011இல் நடந்தது. 1866இல் நகராட்சியான வேலூர், 2008 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. மூன்று ஆண்டு கழித்து எல்லை விரிந்தது. சத்துவாச்சாரி, தாராபடவேடு நகராட்சிகள் உள்ளே வந்தன. அல்லாபுரம், தொரப்பாடி, சேண்பாக்கம், கழிஞ்சூர், கொணவட்டம், வாரியார் சுவாமிகள் பிறந்த காங்கேயநல்லூர் என்று அதுவரை தனித்தனி உள்ளாட்சிகளாக இருந்த ஊர்களும் சேர்ந்தன. பாலாற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே மாநகராட்சி. இன்று 60 வார்டு, 4 மண்டலம். காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவின் சாக்கடைக்கும், பாகாயம் பக்கத்துத் தெருவிளக்குக்கும் ஒரே மாமன்றம்தான், அதாவது கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றம்தான், பணம் ஒதுக்க வேண்டும்.

ஊர் பெரிதாகிவிட்டது, ஆனால் கேட்பதற்கான இடம் சுருங்கிவிட்டது. ஊராட்சியாக இருந்தபோது தலைவர் வீட்டுத் திண்ணைவரை போகலாம். இப்போது கவுன்சிலரைப் பார்க்க வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் மண்டல அலுவலகம், அங்கே உதவிப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருப்பார். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கும் மேல் கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். அந்த நாட்களில்தான் ஸ்மார்ட் சிட்டி வேலையும் பாதாளச் சாக்கடை வேலையும் தெருத்தெருவாகத் தோண்டிப் போட்டன. எந்தத் தெருவை முதலில் தோண்டலாம், எதை மூடிவிட்டு எதைத் திறக்கலாம் என்று தெருக்காரர்களைக் கேட்கச் சட்டப்படி ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

அந்த ஏற்பாடுதான் பகுதி சபை. ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 243-எஸ் என்ற பிரிவு, 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. ஒரு வார்டுக்கு ஒரு குழு என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பல வார்டுகளைச் சேர்த்தும் ஒரு குழு அமைக்கலாம். அதனால் மாநகராட்சிகளில் மண்டலக் குழுவே வார்டு குழுவாகக் கணக்குக் காட்டப்பட்டது. வேலூர் அளவில் பார்த்தால் ஒரு மண்டலம் என்பது சராசரியாக 15 வார்டு. அவ்வளவு பெரிய குழுவில் ஒரு தெருவின் குரல் எங்கே கேட்கும்?

தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை இரண்டையும் 2010இலேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் சட்டம் ஓட விதிகள் வேண்டும். அந்த விதிகள் 2022இல்தான் வந்தன. பன்னிரண்டு ஆண்டு காகிதத்திலேயே இருந்த உரிமை இது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, முதல்வர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொள்ள, மாநிலம் முழுக்க முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன.

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதியில் ஓட்டு உள்ள எல்லோரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். சந்தா கிடையாது, யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. இந்தப் பிரதிநிதிகளும் வார்டு கவுன்சிலரும் சேர்ந்ததுதான் வார்டு குழு, கவுன்சிலர்தான் அதன் தலைவர். பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வார்டு குழுவும் அப்படியே.

இதில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. அதாவது கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டியவர், கவுன்சிலர்கள் கைகாட்டிய ஆளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பல இடங்களில் கட்சிக்காரர்களுக்கே அந்த இடம் போகிறது. அதனால் பிரதிநிதி பேசுவார் என்று வீட்டில் இருந்துவிட முடியாது. சபைக்கு நாமே போக வேண்டும். அங்கே பேச அவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு நமக்கும் உண்டு.

என்ன கேட்கலாம்?

தெருவிளக்கு எங்கே வேண்டும், பொதுக்குழாய் எங்கே வேண்டும், கழிப்பறை எங்கே வேண்டும் என்று இடம் சொல்வது பகுதி சபையின் வேலை. குடிநீர், குப்பை, கழிவுநீர் ஆகியவற்றில் எங்கே குறை என்று எடுத்துச் சொல்வதும், எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துவதும் அதன் வேலைதான். இந்த வரிசைப்படுத்தலை மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வார்டுக்கு வரும் பணம் எப்போதும் தேவையைவிடக் குறைவு. அந்தப் பணத்தில் யார் தெரு முதலில் என்பதில்தான் உள்ளூர் அரசியல் முழுவதும் இருக்கிறது. ஏற்கெனவே சுமாராக இருக்கும் ரோட்டை மறுபடி போடுவதா, இடுப்பளவு தண்ணீர் நிற்கும் சந்துக்குக் கால்வாய் கட்டுவதா என்ற கேள்விக்கு, கூட்டத்தில் எழுதப்பட்ட பதில் ஒன்று இருந்தால் அதைத் தாண்டிப் போவது யாருக்கும் கொஞ்சம் கஷ்டம்.

வேலூர்க்காரர்களுக்கு மறக்காத ஒரு சம்பவம் உண்டு. விதிகள் வந்த அதே 2022இல், மெயின் பஜார் பக்கம் ஒரு தெருவில் நின்றிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரங்களைச் சேர்த்தே சிமென்ட் ரோடு போட்டுவிட்டார்கள். காலையில் உரிமையாளர் கடப்பாரையால் கான்கிரீட்டை உடைத்து வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் கால்வாய் வேலையில் அடிபம்பு ஒன்றும் கான்கிரீட்டுக்குள் போனது. நாடெங்கும் படம் பரவியது. ராத்திரியில் வேலை ஆரம்பிக்கப் போகிறது என்று தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இதில் முக்கியம். எந்தத் தேதியில் வேலை, எத்தனை மீட்டர் ரோடு, எவ்வளவு உயரம், ஒப்பந்ததாரர் யார், எத்தனை ஆண்டு பராமரிப்புப் பொறுப்பு என்ற விவரங்களைப் பகுதி சபையில் கேட்டால், பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

ரோட்டின் உயரத்தைக் கட்டாயம் கேளுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத்தான் பல தெருக்களில் வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டே புது ரோடு போட வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லி எழுத வையுங்கள்.

எப்படிக் கேட்பது?

ஒரு வார்டில் நான் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சமுதாயக் கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். முதல் அரை மணி நேரம் “எங்க தெருவுல ஒண்ணுமே செய்யல” என்ற பேச்சே போனது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார், எதையும் எழுதவில்லை. அப்புறம் ஓர் அம்மா எழுந்தார். பழைய தண்ணீர் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்திருந்தார், அடியில் கறுப்பாய் வண்டல். அதை மேசையில் வைத்துவிட்டு, “மூணாவது குறுக்குத் தெரு, பிள்ளையார் கோயில் முனை வால்வுலேர்ந்து கடைசி வீடு வரைக்கும் பதினோரு வீடு. தண்ணி விட்ட முதல் பத்து நிமிஷம் இப்படித்தான் வருது சார்” என்றார். அதிகாரி பேனாவை எடுத்தார். அன்று எழுதப்பட்ட முதல் குறை அதுதான்.

இடம், எண்ணிக்கை, நேரம் மூன்றும் வேண்டும். “விளக்கு எரியவில்லை” என்பதைவிடக் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் அந்த ரசீதைக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னதோடு விடாமல், ஒரே கோரிக்கையைத் தெருக்காரர்கள் கையெழுத்தோடு இரண்டு பிரதி எழுதி ஒன்றில் முத்திரை வாங்குங்கள். கூட்டம் கலையும் முன் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். புத்தகத்தில் ஏறாத கோரிக்கை கேட்காத கோரிக்கைதான். தங்கள் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ரொம்பப் பேர்.

அங்கிருந்து அது வார்டு குழுவுக்குப் போகும். பிறகு மண்டல அலுவலகத்தில் பொறியாளர் மதிப்பீடு போடுவார், மாமன்றத்தில் பொருளாக வைப்பார்கள், டெண்டர் விடுவார்கள். இத்தனை படியும் தாண்ட மாதக்கணக்கில் ஆகும். அடுத்த சபையில் எழுந்து, போன தடவை தீர்மானம் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பதுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் வைத்திருப்பதன் பயன்.

எதற்கு இது ஆகாது?

பட்டா தாலுகா அலுவலக வேலை. ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலகம். மின்கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் பள்ளம் என்றால் அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. சத்துவாச்சாரிக்காரர்கள் மாநகராட்சியைத் திட்டுவதில் பாதி இந்த ரோட்டுக்காகத்தான் இருக்கும். இவற்றையெல்லாம் பகுதி சபையில் சொன்னால் நேரம்தான் வீண். ஸ்மார்ட் சிட்டி வேலைகளைத் தனி நிறுவனம் வைத்து நடத்தியதால் அங்கேயும் மாமன்றத்தின் பிடி குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த வேலையில் போட்ட கால்வாய், பூங்கா, விளக்கு எல்லாம் இப்போது யார் பராமரிப்பில் இருக்கின்றன என்று சபையில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இன்னொன்று, பகுதி சபையின் தீர்மானம் மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாது. அது பரிந்துரை மட்டுமே. கிராம சபைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கனம் இதற்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூட்டமே நடக்காவிட்டால்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பல வார்டுகளில் கூட்டம் நடந்ததே தெருவுக்குத் தெரிவதில்லை. இருபது பேரைக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள். முதலில் கவுன்சிலரிடமே அடுத்த தேதியைக் கேளுங்கள், பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையருக்கு எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம், அங்கே பதிவு எண் கிடைக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் கூட்டம் நடத்தவில்லை” என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் நழுவிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: இத்தனையாம் எண் வார்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு பகுதியிலும் அடங்கும் தெருக்கள் எவை, பிரதிநிதிகள் யார், கடந்த ஓராண்டில் பகுதி சபை கூடிய தேதிகள், அந்தக் கூட்டங்களின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகத்தின் நகல், அந்தத் தீர்மானங்கள் மேல் எடுத்த நடவடிக்கை. வருகைப் பதிவேட்டின் நகல் வந்ததும் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பாருங்கள், அதில் இருக்கும் கையெழுத்துகள் யாருடையவை என்று.