முள்ளோடை நிறுத்தமும் மாலைக் கூட்டமும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்து முள்ளோடையை நெருங்கும்போது, குடியை நிறுத்தி மூன்று வாரமான ஒருவருக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இத்தனைக்கும் அவர் கண்ணில் இன்னும் ஒரு கடை கூடப் படவில்லை. புதுச்சேரியில் மதுவுக்கு வரி குறைவு என்பதால் எல்லையிலேயே கடைகள் இருப்பதும், சம்பள நாள்தோறும் தாம் அங்கே இறங்கியதும் அவருடைய மூளைக்கு மனப்பாடம். வீட்டார் இதை மன உறுதி இல்லாமை என்பார்கள். அது அநியாயமான பேச்சு என்றே நான் கருதுகிறேன்.

நரம்பியல் அறிஞர் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதை விளக்குகின்றன. பழச்சாறு கிடைத்ததும் கிளர்ந்தெழுந்த டோபமைன் (வெகுமதியோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருள்) நரம்பணுக்கள், சாற்றுக்கு முன்னால் ஓர் அடையாளம் தோன்றுவது பழகிய பிறகு, சாற்றுக்கு அல்ல, அந்த அடையாளத்துக்கே கிளர்ந்தெழுந்தன. குடிநோயாளிக்கு அந்த அடையாளம் பேருந்து நிறுத்தமாகவோ, மாலை ஆறு மணியாகவோ, "வாடா மாப்ளே" என்று அழைக்கும் கூட்டாளியின் குரலாகவோ இருக்கலாம். இப்படிப் பதிந்த தொடர்பை மூளை எளிதில் அழிப்பதில்லை. அதன் மேல் வேறொரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பதிய வைக்கலாம். குடியை நிறுத்த விரும்புவோர் கூடிப் பேசும் ஆதரவுக் குழு செய்யும் வேலையின் பெரும்பகுதி இதுதான். குடிக்கப் போன அதே மாலை நேரத்தில், குடிக்காத மனிதர்களுக்கு நடுவே ஒருவரை உட்கார வைக்கிறது.

இந்த முறை பிறந்த கதையே ஒரு சான்று. 1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாமல் போன பில் வில்சன், விடுதியின் மதுக்கூடத்துக்குள் நுழையாமல் தப்பிக்க, இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று தொலைபேசியில் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் ஜூன் 10தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தோன்றிய நாள். உதவி கேட்டுப் போனவரும் கொடுத்தவரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள்.

கூட்டத்துக்குள் நுழையும் புதியவருக்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் தேநீர்தான். கை நடுக்கம் அறிந்த ஒருவர் டம்ளரைப் பாதியளவே நிரப்பி நீட்டுகிறார். அந்தப் பாதி டம்ளரில் இருக்கும் புரிதலை எந்த ஆலோசகரும் புத்தகத்திலிருந்து கற்றுவிட முடியாது. பிறகு ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று கூறி, தன் கதையைப் பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. கட்டணம் இல்லை, உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பின் அறிக்கை), தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், முறைப்படி ஏஏவுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதாகக் கண்டது. ஓராண்டின் முடிவில் அந்த விகிதம் 42 சதவீதம், மற்றவற்றில் 35. வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் காசு செலவில்லாமல் கிடைக்கும் ஒன்று என்பதால் எனக்கு அது பெரிதாகவே படுகிறது. இதற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள், நட்பு வட்டம் மாறுவதையும், குடிக்காமல் இருக்க முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்வதையும் முதன்மையாகச் சொல்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மது தன்னை மந்தப்படுத்துவதை ஈடுகட்டிப் பழகிய மூளை, மது நின்றதும் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுகிறது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் உடல் நடுங்கி, இல்லாத உருவங்கள் தெரிந்து, புத்தி தடுமாறலாம். எனவே முதலில் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரின் மனநலப் பிரிவிலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் அதற்கு மாற்று அல்ல. அதன் பிறகு வரும் நீண்ட மாதங்களுக்கானது.

அருகில் எங்கே, எந்தக் கிழமை கூட்டம் என்று அந்த மருத்துவரிடமே கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446இலும் இலவசமாக விசாரிக்கலாம். உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று கூசும் கடலூர்க்காரர் புதுச்சேரிக் கூட்டத்துக்குப் போகலாம், அங்குள்ளவர் இங்கே வரலாம். எல்லோருக்கும் உரிய திறந்த கூட்டமென்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம்; குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழுக்களும் உண்டு. ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறொன்றை முயன்று பார்ப்பது நல்லது. இடையில் ஒருநாள் முள்ளோடையில் இறங்கிவிட்டவர் மறுநாளே கூட்டத்துக்குப் போகலாம். நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், அவருடைய நாற்காலி அங்கேயே இருக்கும்.