உழவர் சந்தை அட்டை: காய் வயலில் இருந்தால் போதாது, அடங்கலிலும் இருக்க வேண்டும்

விடிகாலை 5 மணி இருக்கும். உழவர் சந்தை வாசலில் ஒரு அக்கா இரண்டு கூடை கத்தரிக்காயோடு நின்றுகொண்டிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் பறித்த காய், காம்பில் ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே விடவில்லை. அவருடைய அட்டையில் பயிர் என்ற இடத்தில் நிலக்கடலை என்று எழுதியிருந்தது. “நான் நட்ட செடிங்க, வந்து வேணா பாருங்க” என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் வெளியே நின்ற ஒரு ஆள் கேட்ட விலைக்குக் கூடையைக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அரை மணி நேரம் கழித்து அதே காய் உள்ளே ஒரு கடையில் குவிந்து கிடந்தது. அந்தக் கடைக்காரரிடம் யாருடைய அட்டையோ இருந்தது. அதில் கத்தரி என்று ஒழுங்காக எழுதியும் இருந்தது.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த அக்காவுக்காகத்தான்.

திட்டம் என்னவென்று ரெண்டு வரியில் சொல்லிவிடலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விளைவிப்பவர் நேராக வாங்குபவரிடம் விற்கலாம். இடத்துக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் சந்தையிலேயே தருவார்கள். மண்டியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் கமிஷன், கூலி, சாக்குக் கழிவு எல்லாம் போக மிஞ்சுவதைக் கையில் வாங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனி சிக்கல்களுக்கு வருவோம்.

உள்ளே போக உழவர் அடையாள அட்டை வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ, சிட்டா (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு), அடங்கல் இவற்றோடு சந்தையின் நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலர் வயலைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு அட்டை வரும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்வது அடங்கலில்.

எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்குதான் அடங்கல். வயலுக்கு வந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். பல ஊர்களில் போன வருஷக் கணக்கைப் பார்த்து இந்த வருஷமும் நெல், கடலை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கால் ஏக்கரில் கத்தரி, வரப்போரம் நாலு பாத்தி கீரை என்று நட்டிருப்பவரின் பயிர் அந்தக் கணக்கில் இருக்கவே இருக்காது. உழவர் சந்தைக்கு வரவேண்டியவர் யாரென்றால் அந்தக் கால் ஏக்கர்க்காரர்தான்.

அதனால் காய் பறிக்கும்போது ஓடாதீர்கள். நாற்று வேர் பிடித்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். செடியோடு நின்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊடுபயிரையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியதாகச் சொன்னால் நம்பித் திரும்பாமல் நகலை வாங்கி, சர்வே எண், உட்பிரிவு, பயிர் மூன்றையும் படித்துப் பாருங்கள். இன்னொன்று, பசலி ஆண்டு, அதாவது வருவாய்த் துறைக் கணக்கு வருஷம், ஜூலை 1-ல் மாறிவிடும். மே மாதம் வாங்கிய அடங்கலை ஆகஸ்டில் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

அந்த அக்கா மூன்று முறை அலைந்து அடங்கலைத் திருத்தி வாங்கினார். திருத்தம் வந்தபோது செடி பிடுங்கியாகிவிட்டது. அடங்கலில் கத்தரி இருக்கிறது, வயலில் வெண்டை. மறுபடி முதலிலிருந்து.

அடுத்த பள்ளம் பட்டா. அப்பா இறந்து பத்து வருஷம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு உழுதுகொண்டிருப்பார்கள். “உங்க பேர்ல நிலமே இல்லையே” என்று சந்தை அலுவலகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெயர் மாற்றம் நடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ரெண்டு போகம் போய்விடும். வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அது பாட்டுக்கு நடக்கட்டும். கையோடு, மற்ற பங்காளிகள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும், இன்னார்தான் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் வைத்து சந்தையில் கேளுங்கள். குத்தகைக்கு உழுபவருக்கு இன்னும் கஷ்டம். எழுத்தில் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலக்காரர் கையெழுத்துக்குப் பயப்படுவார். “இந்தப் பருவத்துக்குக் காய்கறி விற்க மட்டும்” என்று காரணத்தைக் கடிதத்திலேயே எழுதிக் கேட்டால் சிலர் இறங்கி வருகிறார்கள். எல்லோரும் வருவதில்லை.

அட்டை வாங்கும்போதே, கூட வந்து விற்கும் மனைவி அல்லது மகன் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். கணவருக்குக் காய்ச்சல் வந்த அன்று அவர் அட்டையோடு வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். வருஷம் முழுக்க யார் யார் அட்டையிலோ விற்பவர்களை யாரும் நிறுத்துவதில்லை, அது வேறு விஷயம்.

அவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. “உங்க அட்டையைக் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றேன்” என்று வருவார்கள். கொடுக்காதீர்கள். சோதனை நடந்தால் ரத்தாவது உங்கள் அட்டை, அவர்களுக்கு வேறொரு அட்டை கிடைத்துவிடும். சோதனையில் பார்ப்பது பரப்பும் எடையும்தான். பத்து சென்ட் கீரைக்காரர் தினமும் நாலு மூட்டை இறக்கினால் கேள்வி வரும், வரவும் வேண்டும். தேங்காயும் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒரே கடையில் அடுக்கியிருக்கிறவர் எந்த ஊரில் எந்த மண்ணில் இதையெல்லாம் விளைவித்தார் என்று யாரும் கேட்காததுதான் எனக்குப் புரியவில்லை.

விலை உங்கள் கையில் இல்லை. காலையில் மொத்த விலையையும் வெளிக்கடை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும் வெளிக்கடையைவிட 15 சதவீதம் குறைவாகவும் வருகிற மாதிரி நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். அதற்கு மேல் விற்கக் கூடாது. பலகை எழுதும் நேரத்தில் அங்கே இருங்கள். உங்கள் காய் முதல் ரகமா இரண்டாம் ரகமா என்று பேச அப்போதுதான் முடியும், எழுதிய பிறகு அழிக்கமாட்டார்கள். தராசைக் கையில் வாங்கியதும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். எடை குறைந்தால் சண்டை உங்களோடுதான். பஸ்ஸில் கூடைக்குச் சலுகை உங்கள் தடத்தில் உண்டா என்றும் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். நடத்துனரிடம் கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

அட்டை தர மறுத்தால் வாய்வார்த்தையில் விடாதீர்கள். “அடுத்த வாரம் வாங்க” என்பது பதிலே இல்லை. மனுவை ரெண்டு பிரதியாகக் கொண்டு போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்தச் சீட்டே ஒப்புகை. அப்புறம் கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்தப் பிரதியோடு போங்கள். வேளாண் வணிகத் துறை அதிகாரி அங்கே உட்கார்ந்திருப்பார். எல்லோர் முன்னாலும் தேதியைச் சொல்லிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். அதிலும் நகரவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி: இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு இன்று யார் மேஜையில் இருக்கிறது? 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பதில் வருவதற்கு முன்பே அட்டை வந்துவிட்டது.