சாப்பாட்டுச் செலவு 38 யூரோ

பொள்ளாச்சியில் ஆடிட்டராக இருக்கிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறவர்கள் வருமான வரிக் கணக்குக்கும் சொத்து மதிப்புச் சான்றுக்கும் என்னிடம் வருவார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது, கிளம்புகிற பிள்ளையிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். "மாசக் கடைசியில செலவுக் கணக்கை வாட்ஸ்அப்புல அனுப்பு கண்ணு." பாதிப் பேர் இரண்டே மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதவர்களின் கணக்கில், வீட்டுக்குப் போனில் சொல்லாததெல்லாம் இருக்கும்.

கிணத்துக்கடவுப் பக்கத்துத் தம்பி ஒருவன் முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி போனான். அக்டோபரில் சாப்பாட்டுச் செலவு 210 யூரோ. ஜனவரியில் 38. அவன் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பையன் சிக்கனம் பழகிட்டானுங்க!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று இரவு 8 மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னே. மூன்றரை மணிதான், அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. (காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டு, போனை எடுக்கவில்லை என்று அழுகிற அம்மாக்களே, அங்கே அப்போது நடுராத்திரி ஒன்றரை.)

"தக்காளி கிலோ மூணு யூரோங்க சார். முன்னூறு ரூபாய்! எங்க காட்டுல அஞ்சு ரூபாய்க்கும் எடுக்க ஆளில்லாம மாட்டுக்குக் கொட்டியிருக்கறோம். வாங்க மனசு வரலைங்க."

எல்லாப் பிள்ளைகளும் முதல் ஆறு மாதம் இப்படித்தான், எதைத் தொட்டாலும் நூறால் பெருக்குவார்கள். ஆனால் நூறால் பெருக்கினால் மட்டும் 210 யூரோ 38 ஆகாது. கணக்கை மறுபடி பார்த்தேன். கீழே ஒரு வரி: இதரச் செலவு, 500.

என் தொழிலில் 'இதர' என்று இருந்தால் அங்கேதான் விரலை வைக்க வேண்டும். வைத்தேன். பையன் மென்று விழுங்கினான். அது ஊருக்கு அனுப்பிய பணம்.

நடந்தது இதுதான். ஜெர்மனி விசாவுக்கு ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். ரூபாயில் ஏறத்தாழ 12 லட்சம். அப்பாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, கோடிக்கணக்கில் போகும். ஆனாலும் வங்கி அதை ஈடாக ஏற்கவில்லை. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம், வாராக்கடனுக்கு ஈட்டுச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தருகிறது. விவசாய நிலத்துக்கு மட்டும் அது செல்லாது. அதனால் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக வீடோ மனையோதான் கேட்கும். இது தெரியாமல் கடைசி மாதம் வரை தோப்பையே நம்பியிருந்துவிட்டு, ரெண்டு வட்டிக்குத் தனியாரிடம் வாங்கியிருக்கிறார். மாதம் 24,000 ரூபாய் வட்டியே. பையன் கைக்கு வரும் 992-ல் பாதியை வாங்கி வட்டியையும் அசலில் கொஞ்சத்தையும் அடைக்கிறார். வாடகை, மருத்துவக் காப்பீடு, போன் எல்லாம் போக நின்றது 38.

"பார்ட் டைம் வேலைக்குப் போவான்னு நெனச்சனுங்க" என்றார். வேலை செய்ய அனுமதி உண்டுதான், வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். ஜெர்மன் மொழி வராதவனுக்கு, பரீட்சை நெருங்கும் பிப்ரவரியில், அந்த வேலையைத் தருவது யார்? பிளாக்டு அக்கவுண்டுப் பணம் காட்டிவிட்டுத் திருப்ப அல்ல, தின்பதற்கு. இதை ஒவ்வொரு அப்பாவிடமும் சண்டை போட்டே சொல்கிறேன்.

பையனின் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) பேரில் டவுனுக்குள் ஒரு வீடு இருந்தது. அந்தப் பத்திரத்தை வைத்து இரண்டாம் வருடச் செலவுக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினோம். கல்விக் கடன் பணத்தை அனுப்பினால் வங்கியில் டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே முன்கூட்டி வாங்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணமானால் நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள். அதையும் வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம், பலர் விட்டுவிடுகிறார்கள். தனியார் கடனை அப்பா தேங்காய்ப் பணத்தில் அடைக்கிறார்.

ஏப்ரல் கணக்கு நீளமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைப்பு. அதை மறந்து பட்டினி கிடந்தவன், இப்போது சனிக்கிழமையே அரிசியும் பருப்பும் வாங்குகிறான். வரவில் '0.25' என்று நாலு இடத்தில் இருந்தது. காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் காசாம். மாணவர் டிக்கெட்டில் நாடு முழுக்க உள்ளூர் ரயிலில் சுற்றலாம் என்று மூன்று ஊர் போய் வந்திருக்கிறான். ஆத்தாவை வீடியோவில் வைத்துக்கொண்டு அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, அறைக்காரர்கள் மூன்று பேருக்குப் போட்டிருக்கிறான். சின்ன வெங்காயம் கிடைக்காமல் பெரிய வெங்காயம் போட்டதற்கு ஆத்தாவிடம் திட்டு.

கணக்கை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 'தேங்காய் 1, 2 யூரோ' என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங், எந்த ஊர்த் தேங்காயாமா அது?"