இணைகோடு: சொல்லும் சமன்பாடும்

'இணைதல்' என்றால் சேர்தல். ஆனால் இணைகோடுகளை எவ்வளவு நீட்டினாலும் அவை சேர்வதில்லை. மாணவர்கள் குழம்புவது இயல்புதான். இச்சொல்லில் இருப்பது இணைதல் என்ற வினை அல்ல. சோடி, ஒப்பு என்று பொருள்படும் 'இணை' என்ற பெயர்ச்சொல். 'இணையடி', 'இணையற்ற' என்னும்போது நாம் சொல்வதும் இதையே.

ஆங்கிலத்தின் 'பேரலல்' கிரேக்கத்திலிருந்து வந்தது: 'பரா' என்றால் அருகே, 'அல்லேலோன்' என்றால் ஒன்றுக்கொன்று. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'சமாந்தரம்' வடமொழி. சம + அந்தரம், அதாவது சம இடைவெளி. கிரேக்கம் அருகமைவைப் பார்க்கிறது, வடமொழி இடைவெளியைப் பார்க்கிறது, தமிழ் ஒப்பைப் பார்க்கிறது. 1557-இல் கணிதவியலாளர் ராபர்ட் ரெக்கார்டு சமக்குறியை (=) அறிமுகம் செய்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் காரணம் சொன்னார். அவற்றை 'இரட்டைக் கோடுகள்' என்ற பொருளிலேயே அழைத்தார். நம் 'இணை'க்கு மிக அருகில் வருகிறார்!

சமன்பாடு எழுத உட்காரும்போது எனக்குப் பிடித்தது தமிழ்ச் சொல்தான். இணை என்றதும் 'எதில் ஒப்பு?' என்ற கேள்வி தானாக எழும். விடை: சாய்வில், அதாவது கிடையாக ஓர் அலகு நகரும்போது கோடு எவ்வளவு ஏறுகிறது என்ற அளவில். இலங்கையில் இதைப் படித்திறன் என்பார்கள்.

3எக்ஸ் − 2ஒய் + 7 = 0 என்ற கோட்டின் சாய்வு 3/2. இதற்கு இணையாக (4, 1) என்ற புள்ளி வழியே செல்லும் கோடு வேண்டும். சாய்வைத் தீர்மானிப்பவை எக்ஸ், ஒய் ஆகியவற்றின் கெழுக்கள், அதாவது அவற்றைப் பெருக்கும் எண்கள் (இங்கே 3, −2); அவற்றைத் தொடவே வேண்டாம். எக்ஸ், ஒய் சேராமல் தனியே நிற்கும் எண்ணான மாறிலி (இங்கே 7) மட்டும் மாறும்:

3எக்ஸ் − 2ஒய் + மாறிலி = 0

புள்ளியைப் பிரதியிட்டால் 12 − 2 + மாறிலி = 0. ஆக, மாறிலி −10; கோடு 3எக்ஸ் − 2ஒய் − 10 = 0. மாறிலி மறுபடியும் 7 என்றே வந்தால், கொடுத்த புள்ளி பழைய கோட்டின் மீதே இருக்கிறது. கிடைத்ததும் அதே கோடுதான்.

'சாய்வு சமம்' என்ற விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் செங்குத்துக் கோடுகளிடம் தடுமாறுவார்கள். எக்ஸ் = 5, எக்ஸ் = −2 இரண்டுக்கும் சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஆனாலும் அவை இணைகோடுகளே. கெழுக்களை அப்படியே வைத்து மாறிலியை மாற்றும் முறை இங்கும் தடையின்றிச் செல்லும்.