கமாண்டோ கத்தில அம்பு முத்திரை இருந்துட்டா ஒரிஜினலா?

இந்த மாசமும் ஒருத்தர் காசைக் குடுத்து முடிச்சப்புறம்தான் கத்தியோட வந்தார். ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கமாண்டோ கத்தி, ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் குடுத்தது. "கார்டுல அம்பு முத்திரை இருக்கு பாருங்க"ன்னு அதையே காட்டிட்டிருக்கார் (கார்டுன்னா பிடிக்கும் அலகுக்கும் நடுவுல வர்ற குறுக்குத் தகடு). இங்கிலாந்தோட ஷெஃபீல்டு ஊர்ல போருக்கு அப்புறம் கடை விற்பனைக்குப் போட்ட சாதாரண கத்தி அது, பின்னாடி யாரோ அம்பு அடிச்சிருக்காங்க. ஏலத்துக்கு வர்ற பொருளை மதிப்புப் போடறதுதான் என் வேலை, ஆனா பாதி நேரம் இந்த அம்பைப் பத்திப் பேசியே போயிடுது.

அந்த அம்பு, இது அரசாங்கச் சரக்குன்னு காட்டற குறி, அவ்ளோதான். கத்திக்குன்னு பொறந்தது இல்ல, ராணுவத்துக்குப் போன கண்ட சாமான்லயும் அடிச்சாங்க. குறி அடிக்கற ஒரு இரும்பு அச்சும் சுத்தியலும் இருந்தா நீங்களே இன்னிக்கு அடிக்கலாம். போர்க்காலத்து நிஜக் கத்திகள்லயே எந்தக் குறியும் இல்லாதது எக்கச்சக்கம், அதனால இல்லன்னா போலின்னும் சொல்ல முடியாது, இருந்தா அசல்னும் சொல்ல முடியாது, இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த ஆள் அம்பு போட்டோவைத்தான் ஜூம் பண்ணி அனுப்பறார். பார்க்கணும்னா 10 மடங்கு லென்ஸ் வெச்சு குறியோட பள்ளத்துக்குள்ள பாருங்க. சுத்தி இருக்கற கருப்புப் பூச்சு பழசா இருந்து, பள்ளம் மட்டும் பளபளன்னோ புதுசா மை தடவின மாதிரியோ இருந்தா, எனக்கு அங்கயே சந்தேகம் வந்துடும்.

முதல்ல பார்க்க வேண்டியது கத்தியோட அமைப்பு. ஷாங்காய் போலீஸ்ல வேலை பார்த்த ஃபேர்பேர்னும் சைக்ஸும் 1940 நவம்பர்ல வாள் பண்ற வில்கின்சன் கம்பெனியோட பேசி, 1941ல முதல் கத்திகள் வந்துச்சு. முதல் பேட்டர்ன்ல, அதாவது முதல் வடிவத்துல, கார்டு எஸ் மாதிரி வளைஞ்சிருக்கும். ரெண்டாவதுல கார்டு நேரா, பிடி முழுக்கக் கட்டம் கட்டமா சொரசொரப்பு. பிடியைச் சுத்தி வளையம் வளையமா வர்ற மூணாவது பேட்டர்ன் 1943 கடைசிவாக்குலதான். ஆனா வளையப் பிடிக் கத்தியை நீட்டி "1942 மார்ச், பிரான்ஸ்ல செயின்ட் நசேர் துறைமுகத் தாக்குதல்ல இருந்தது"ன்னு கதை சொல்றாங்க, கேக்கறவரும் தலையாட்டறார்! மூணாவது பேட்டர்னை போர் முடிஞ்சும் வருஷக்கணக்கா பண்ணாங்க, அதனால ஏமாறறதும் அதுலதான் ஜாஸ்தி. 'இங்கிலாந்து'ன்னு பொறிச்சிருந்தா பெரும்பாலும் பிற்காலச் சரக்கு, ஸ்டெயின்லெஸ்னு போட்டிருந்தா பிற்காலம்தான், யோசிக்கவே வேணாம்.

உறையைத் தனியாப் பாருங்க, கத்தி ஒண்ணு உறை ஒண்ணுன்னு ஜோடி சேர்க்கறது ரொம்ப சகஜம். இருட்டுல யூவி லைட் அடிங்க, தையல் நூல் நீலமா ஜொலிச்சா அந்தத் தையல் போர்க்காலத்துது இல்ல. துருவை நம்பாதீங்க, அது ஒரு வாரத்துல வரவழைக்கற சமாச்சாரம்.

அப்புறம், தயவுசெஞ்சு, கையெடுத்துக் கும்பிடறேன், வாங்கின கத்தியை பாலிஷ் போடாதீங்க, சாணை பிடிக்காதீங்க. அசலா இருந்தாலும் பாதி மதிப்பு அங்கயே போயிடுது, நானும் பார்க்கறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. பில்லுல 'பழைய ராணுவக் கத்தி'ன்னு மொட்டையா எழுதினா ஒத்துக்காதீங்க. எந்த பேட்டர்ன், போர்க்காலமா இல்லையா, போலின்னா பணம் வாபஸா, எல்லாத்தையும் எழுதிக் கேளுங்க. எழுத மாட்டேன்னா கத்தியை மேசைல வெச்சிட்டுக் கிளம்புங்க.