அமெரிக்காவில் காட்டுயிர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தூண்டில் வரி முதல் டக் ஸ்டாம்ப் வரை

அமெரிக்காவில் ஒரு தூண்டில் கோல் வாங்கினால், அதன் விலைக்குள்ளேயே ஒரு மத்திய வரி அடங்கியிருக்கிறது. தயாரிப்பாளர் விற்கும் விலையில் 10 சதவீதம். ஒரு கோலுக்கு அதிகபட்சம் 10 டாலர். தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ முன்பே கட்டிவிடுவதால் கடை ரசீதில் இது தெரியாது. இந்தப் பணம் பொதுக் கஜானாவில் கலந்து காணாமல் போவதில்லை. தனி நிதியாகச் சேர்ந்து, முக்கியமாக மீன் வளத்தைக் காக்க மாநிலங்களுக்குப் போகிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வில் அம்புக்கும் இதே ஏற்பாடுதான்.

தொடக்கம் 1937. வறட்சியும் கட்டுப்பாடில்லாத வேட்டையும் சேர்ந்து வாத்து, மான் எல்லாம் அருகிப்போயிருந்த காலம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த கலால் வரியை அப்படியே காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடும் சட்டத்தில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். கொண்டுவந்த இருவர் பெயரால் அது பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10. கைத்துப்பாக்கியும் வில் அம்பும் 1970-களில்தான் இதற்குள் வந்தன. மீன்பிடிக் கருவிகளுக்கு 1950-இல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் வந்தது. 1984-இல் அதை விரிவாக்கி, மோட்டார் படகு எரிபொருள் வரியிலும் ஒரு பங்கைச் சேர்த்தார்கள்.

சரி, பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்? வேட்டை வரி நிதியின் பெரும்பகுதியில் பாதியை மாநிலத்தின் பரப்பளவை வைத்தும், மீதிப் பாதியைக் காசு கொடுத்து வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கையை வைத்தும் பிரிக்கிறார்கள். எவ்வளவு பெரிய மாநிலமானாலும் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ரோட் ஐலண்ட் போன்ற சின்ன மாநிலத்துக்கும் அரை சதவீதம் உறுதி. மீன் நிதியில் 40 சதவீதம் பரப்பளவுக்கு, 60 சதவீதம் மீன்பிடி லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கைக்கு. ஒரு திட்டத்தின் செலவில் முக்கால் பங்கு வரை மத்திய நிதி தரும். கால் பங்கை மாநிலம் போட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நிபந்தனை. லைசென்ஸ் கட்டணமாக வரும் பணத்தை மீன், காட்டுயிர்த் துறையின் வேலையைத் தவிர வேறெதற்கும் தொடமாட்டோம் என்று மாநிலம் சட்டம் போட்டிருக்க வேண்டும். சாலைக்குப் பணம் போதவில்லை என்று அதில் கைவைத்தால் மத்திய நிதியே நின்றுவிடும். இத்தனை ஆண்டுகளாக இந்தத் திட்டத்தைக் காப்பாற்றி வருவது இந்த ஒரு நிபந்தனைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

லைசென்ஸ் எடுப்பது எளிது. மாநிலத் துறையின் இணையதளத்திலோ விளையாட்டுப் பொருள் கடையிலோ கிடைக்கும். மீன்பிடிக்கப் பல மாநிலங்களில் 16 வயதிலிருந்து லைசென்ஸ் தேவை, டெக்சாஸில் 17. வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் கூடுதல். லைசென்ஸே இல்லாமல் மீன்பிடிக்க அனுமதிக்கும் இலவச நாட்களும் ஆண்டுதோறும் உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போக அதைவிட நல்ல நாள் இல்லை. வேட்டைக்கு முதலில் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், அப்புறம்தான் லைசென்ஸ். யார் யாருக்கு அது கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இனி, பறவையும் விலங்கும் பார்க்க மட்டும் போகிறவர்கள். மீன், வேட்டை, காட்டுயிர் பார்த்தல் மூன்றையும் பற்றி 1955 முதல் மத்திய அரசு தேசிய ஆய்வு நடத்தி வருகிறது. 2022 ஆய்வின்படி, 16 வயதுக்கு மேற்பட்டோரில் வேட்டையாடியவர்கள் 1.44 கோடி, மீன்பிடித்தவர்கள் 3.99 கோடி, காட்டுயிர் பார்த்தவர்கள் 14.83 கோடி. போகிற வழியில் தற்செயலாக மானைப் பார்த்தது கணக்கில் வராது. வீட்டைச் சுற்றி ஒரு மைலுக்குள் பறவைகளுக்குத் தீனி வைத்துக் கவனிப்பது வரும். இவ்வளவு பெரிய கூட்டம் வாங்கும் பைனாகுலருக்கோ பறவைத் தீனிக்கோ இப்படி ஒரு மத்திய வரி இல்லை. காட்டுயிர்களால் அதிகம் மகிழ்கிறவர்களின் பங்கு வந்துசேர ஒரு வாய்க்கால் வெட்டப்படவேயில்லை என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

நாமாகவே பங்கு கொடுக்க ஒரு வழி இருக்கிறது: டக் ஸ்டாம்ப், அதாவது நீர்ப்பறவை வேட்டைக்காக மத்திய அரசு விற்கும் ஸ்டாம்ப். 1934-இல் ஒரு டாலருக்கு வந்த முதல் ஸ்டாம்பை வரைந்தவர் கேலிச்சித்திரக் கலைஞர் டிங் டார்லிங். நீரில் இறங்கும் இரண்டு வாத்துகள். நீர்ப்பறவை வேட்டையாடும் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் இது கட்டாயம், காகித ஸ்டாம்ப் என்றால் அதன் மேல் மையால் கையெழுத்தும் போட வேண்டும். வேட்டையாடாதவர்களும் தாராளமாக வாங்கலாம். விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கும் மேல் காக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தில் வாத்து மட்டுமா இறங்குகிறது? கொக்கும் நாரையும் உள்ளானும் அங்கேதான் இரை தேடுகின்றன.

நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசியக் காட்டுயிர்ப் புகலிடங்களுக்கு இந்த ஸ்டாம்ப் அனுமதிச் சீட்டாகவும் செல்லும். புளோரிடாவின் சனிபெல் தீவில் டார்லிங் பெயரிலேயே உள்ள புகலிடத்தின் சாலையும் அதில் அடக்கம். தேசியப் பூங்காக்களில் செல்லாது. ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை காலம் என்பதால், மே மாதம் வாங்குவதைவிட ஜூலையில் வாங்கினால் ஆண்டு முழுக்கப் பயன்படும். தபால் நிலையங்களில் கேட்டுப் பாருங்கள், இணையத்திலும் கிடைக்கும்.

பணம் தவிர, கருத்துச் சொல்லும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. வலசைப் பறவைகளை எந்த நாட்களில், எத்தனை வேட்டையாடலாம் என்ற வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. மான் போன்றவற்றுக்கு விதி செய்வது மாநிலம். பல மாநிலங்களில் இதற்கென்றே ஓர் ஆணையம் உண்டு, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பேச லைசென்ஸ் தேவையில்லை. கூட்டத் தேதியும் பேசப் பெயர் பதியும் முறையும் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே வந்துவிடும்.