பதினாறு சுற்றுக்கு எத்தனை?

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணலில் அரை மணி நேரம் ஜம்மென்று ஓடிய ஜீப், கரையேறித் தார் ரோட்டைத் தொட்டதும் முரண்டு பிடித்தது. முப்பதடிகூடப் போயிருக்காது. டயர்கள் கிறீச்சிட்டன. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல வண்டி திணறி நின்றது. சரி, நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் லீவரைக் கழற்றிவிடலாம் என்றால் அது அசையவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.

பக்கத்து சீட்டில் மாமா. ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இஎம்இ பிரிவில் இருபது வருடம் வண்டிகளோடு புரண்டவர். "இன்னாடா அதோட மல்லுக்கட்டிக்கினு இருக்க? ரிவர்ஸ் போட்டு ஆறடி பின்னால எடு" என்றார். எடுத்தேன். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி லீவர் இரண்டு விரலுக்கே வந்துவிட்டது.

அந்த 'டங்' எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன்.

வண்டி மாமாவுடையது. உயரமான பானெட் வைத்த பழைய சிஜே-3பி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி இந்த மாடலை 1953 முதல் 1968 வரை செய்தது. மஹிந்திரா அதற்குப் பிறகும் பல காலம் இங்கே செய்துகொண்டிருந்தது. பானெட் உயரமாக இருப்பது அழகுக்காக அல்ல. முந்தைய ஜீப்பின் இன்ஜினைவிட இதற்கு வைத்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் உயரம், அதனால் மூடியையும் தூக்கிவிட்டார்கள். எங்கள் வண்டியில் அந்த இன்ஜின் எப்போதோ போய், பெஜோ டீசல் வந்துவிட்டது. எக்ஸ்டிபி 4.90 என்பார்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் துளை, பெயரே அதுதான். இன்ஜினைப் பற்றி இதற்குமேல் சொல்லப் போவதில்லை. எங்களைப் படுத்தியது அது இல்லை.

பல வருடம் மழையில் நின்றதில் பின் ஆக்ஸிலை, அதாவது அச்சை, மூடியிருக்கும் ஹவுசிங் குழாய் துருவேறி, வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் விட்டிருந்தது. ஒரு காயலான் கடையில் அதே மாதிரி ஹவுசிங், உள்ளே கிரவுன் பினியனோடு முழுசாகக் கிடைத்தது. பினியன் என்பது ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம், கிரவுன் அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம், யூ போல்ட் அளவு, பிரேக் டிரம் எல்லாம் அச்சு அசல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மாட்டி முடித்தோம். வேலூரில் பதினோரு மணிக்குமேல் ஸ்பேனரைக் கையில் பிடிக்க முடியாது என்பது இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டியபோது எதுவும் இடிக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டியது அங்கேதான். ஒரே வடிவம் இத்தனை வருடம் ஓடியதால் ஜீப் பாகங்கள் ஒன்றுக்கொன்று தாராளமாகச் சேரும். வெளியே சேர்வதால் உள்ளே இருக்கும் பற்களும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கட்டைவண்டிக்கு வளைவில் தொல்லையே இல்லை. இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுற்றும், வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓடிக்கொள்ளும். இன்ஜின் வண்டியில் அச்சுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே இரும்பில் பிணைத்தால் வளைவில் ஒன்று தேய்ந்தாக வேண்டும். அதற்காக நடுவில் வைத்ததுதான் டிஃபரன்ஷியல்.

அது வேலை செய்யும் விதம் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வருபவர்கள் அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் வேறு. நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏர்க்காலோடு கட்டியிருக்கிறது, இரண்டு முனையிலும் இரண்டு மாடு. ஒரு மாடு சற்று முந்தினால் நுகம் சாயும், வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒரு மாடு சேற்றில் கால் வழுக்கி இழுக்காமல் நின்றால், மற்ற மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பயனில்லை. நுகம் சும்மா திரும்பிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவைதான், குறைந்த பக்கம் எவ்வளவோ அவ்வளவு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்கள் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் குட்டி நுகத்தடிகள். ஒரு பின் சக்கரம் மணலில் புதைந்து சுழன்றால் எதிர்ச் சக்கரம் கல்லாட்டம் நிற்பது இதனால்தான்.

எனவே முன் அச்சுக்கும் சக்தி வேண்டும். கியர் பாக்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பல்சக்கரப் பெட்டி, ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டு ஒன்றைப் பின்னாலும் இன்னொன்றை முன்னாலும் அனுப்புகிறது. எங்கள் வண்டியில் இருப்பது ஸ்பைசர் 18. இதில் இரண்டு லீவர். ஒன்று முன் சக்கரங்களைச் சேர்க்க, மற்றது லோ கியருக்கு. முன் சக்கரத்தைச் சேர்க்காமல் லோ விழவே விழாது, உள்ளே ஒரு சின்னப் பூட்டு தடுத்துவிடும். லோவில் பெருகும் முறுக்கு முழுவதையும் பின் அச்சு மட்டும் தாங்கினால் ஒடிந்துவிடும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெருகும்? முதல் கியர் 2.8 மடங்கு, லோ 2.46 மடங்கு, அச்சில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, முறுக்கு விசையும் (உராய்வில் போவதைக் கழித்து) கிட்டத்தட்ட 37 மடங்கு. இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று போகும்போது வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் நகரும். கூடவே ஓர் ஆள் வெற்றிலை மென்றபடி நடந்து வரலாம். ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை ஏறும் மலைப்பாதைக்கு அந்த வேகம் போதும்.

இனி அந்த 'டங்'. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நுகத்தடி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இந்த ஜீப்பில் எதுவுமில்லை. ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே இரும்பு மாதிரிதான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் எப்போதும் பெரிய வட்டம் போடும். பின் அச்சின் நடுப்புள்ளி ஐந்து மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் திரும்பினால், அது போகும் தூரம் 7.85 மீட்டர். இரண்டு அச்சுக்கும் இடையே 2.03 மீட்டர் இருப்பதால் முன் அச்சு 8.48 மீட்டர் போக வேண்டும். ஒரே ஒரு திருப்பத்தில் 63 சென்டிமீட்டர் வித்தியாசம். மணலில் டயர் லேசாக வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். தாரில் வழுக்காது. அப்போது வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளில் முறுக்காக ஏறும், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. அந்த முறுக்கு கியர்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்வதால் லீவர் கழலாது. பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழும், அந்தச் சத்தம் வரும்.

இதைத்தான் மாமாவும் முதலில் நினைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் திடீரென்று, "நாம எங்க திரும்பினோம்? ரோடு நேராத்தானே இருந்துச்சு?" என்றார். அதற்குப் பிறகு காட்பாடி வரும்வரை பேசவில்லை.

மறுநாள் காலையில் சாக்பீஸோடு வந்தார். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். இந்தக் கல் விஷயத்தில் விளையாடக் கூடாது. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் தரையில் இருக்கும் பின் சக்கரம் உருளும், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொடுக்கும். வண்டி ஜாக்கியை விட்டு இறங்கி ஆள்மேல் வந்துவிடும். பழைய ஜீப்பின் அடியில் படுக்கும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

எண்ணுவதற்கு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, லீவர்களை நியூட்ரலில் வைத்தோம். டயரில் ஒரு கோடு, ஷாஃப்ட் முனையில் இருக்கும் வட்டத் தகட்டில் (ஃபிளாஞ்ச்) ஒரு கோடு. ஒரு பக்கச் சக்கரம் தரையில் பிடிபட்டிருப்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று போகும். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்பதுதான் இந்த வண்டியின் கணக்கு. 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38 என்று வருகிறதே, அதுதான் அது. அப்படியானால் சக்கரத்தைப் பதினாறு முறை சுற்றினால் கிரவுன் எட்டு முறை சுற்றும், ஷாஃப்ட் சரியாக 43 முறை சுற்றும். பின்னமே வராது, ஊகிக்க வேண்டியதே இல்லை.

நான் சக்கரத்தைச் சுற்றினேன், மாமா கீழே படுத்து எண்ணினார். பதினாறாவது சுற்றில் கோடு கோட்டோடு சேர்ந்தது. முப்பத்தொன்பது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினோம். அதே முப்பத்தொன்பது. முன் அச்சை எண்ணினால் 43.

காயலான் கடை ஹவுசிங்குக்குள் இருந்தது எட்டுக்கு முப்பத்தொன்பது, அதாவது 4.88. ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போக வேண்டியவர்களுக்கு நல்ல செட்தான், தனியாக இருக்கும்வரை. எங்கள் வண்டியில் முன் சக்கரம் 100 சென்டிமீட்டர் உருளும் நேரத்தில் பின் சக்கரம் 110 உருளத் துடிக்கும். டயர் வழுக்காவிட்டால், வண்டி ஒரு மீட்டர் நகர்வதற்குள் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இடையே 80 டிகிரி முறுக்கு. வளைவே தேவையில்லை. மணலில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் மணல் எல்லாவற்றையும் மன்னிக்கும் என்பதுதான். சக்கரம் பத்து சதவீதம் கூடுதலாகத் தோண்டிக்கொண்டே வந்ததை, 'செம இழுவை' என்று நான் ரசித்திருக்கிறேன்.

பழைய ஹவுசிங்கில் இருந்த 43 பல் செட்டை எடுத்துப் புதியதில் வைப்பது என்று முடிவானது. கிரவுனும் பினியனும் கம்பெனியிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடி சேர்த்தவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வாங்கிச் சேர்த்தால் பற்கள் அலறும். ஜோடி இருந்தாலும் ஹவுசிங் மாறும்போது உட்காரும் ஆழத்தை மறுபடி பிடித்தாக வேண்டும். காகிதம் போன்ற இரும்பு வளையங்கள், ஷிம் என்பார்கள், 0.003, 0.005, 0.010 அங்குலத் தடிமனில் கிடைக்கும். பேரிங்குக்குப் பின்னால் இவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் பினியன் எவ்வளவு உள்ளே நிற்பது என்பதையும், பற்களுக்கு இடையே எவ்வளவு ஆட்டம் இருப்பது என்பதையும் தீர்மானிக்கிறோம். அந்த ஆட்டம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆட்டமே இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து பல் இறுகும், அதிகமானால் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் பல் பல்லை அடிக்கும்.

சரியாக உட்கார்ந்ததா என்பதை அளவுகோல் சொல்லாது, பல்தான் சொல்லும். கிரவுனின் நாலைந்து பற்களில் ஃபிட்டர்களின் நீல மையைத் தடவி, லேசாகத் தடை கொடுத்துச் சுற்றினால், உரசிய இடத்தில் மை விலகி ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் வேருக்குப் போனால் பினியன் மிக உள்ளே இருக்கிறது, உச்சிக்குப் போனால் வெளியே இருக்கிறது. நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் பேரிங்கைப் புல்லர் போட்டு இழுப்பது பெரிய பாடு. மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தேய்ந்துபோன பழைய பேரிங்கின் உட்துளையை லேத் பட்டறையில் மயிரிழை அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டார். அது கையாலேயே போகும், வரும். அதை வைத்து ஏழு முறை கழற்றி மாட்டி, தடம் நடுவில் விழுந்த பிறகே புது பேரிங்கை அடித்து ஏற்றினோம்.

ஆயிலிலும் ஒரு சூட்சுமம். கிரவுன் பினியன் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும், அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் பிதுங்கி ஓடிவிடும். கந்தகச் சேர்மானம் உள்ள ஜிஎல்-5 ரகம் 90 ஆயில்தான் அதற்கு. அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றினால் அந்தச் சேர்மானம் கியர் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். அங்கே ஜிஎல்-4.

டயரும் இதே கணக்குக்குள் வரும். முன் அச்சில் 28 அங்குல விட்டம், பின் அச்சில் தேய்ந்துபோன 27 என்று போட்டால் மூன்றரை சதவீத வித்தியாசம். பல் எண்ணிக்கை சரியாக இருந்தும் தாரில் அதே கூத்து நடக்கும்.

பழைய பாகம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: சேஸ் எண் இருக்கும் துண்டை அறுக்கவோ, மேலே வெல்டிங் வைக்கவோ கூடாது. இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான்.

இரண்டு வாரம் கழித்து அதே மணல், அதே கரை. ஏறி நின்று லீவரைத் தட்டினேன், கழன்றது. திரும்பி வரும்போது மாமா ஸ்பீடோமீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஷாஃப்ட்டிலிருந்துதான் போகிறது, 43 பல்லுக்கு ஏற்ப அளந்து வைத்தது. "அந்த முப்பத்தொன்பது இருந்தப்போ நீ நாப்பதுல போறேன்னு சொன்னதெல்லாம் நாப்பத்து நாலுடா" என்றார்.